யார்டில் இரண்டு பேர்

சாவிக் கொத்தை நீட்டிய வேன் டிரைவர் இன்ஜினைக்கூட அணைக்கவில்லை.

"நாலரைக்கு வந்துடறேன்க்கா. கேட்டுக்கு வெளியவே நின்னு ஹாரன் அடிப்பேன். நீங்க வந்துடுங்க."

"ஏன், உள்ள வந்தா வண்டி தேஞ்சிடுமா?"

"வண்டி தேயாது" என்றார் டிரைவர். வேன் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டது.

மதியம் இரண்டு மணிதான். ஆனால் வானம் இறங்கி வந்து கூரைமேல் உட்கார்ந்துகொண்டதுபோல் ஒரே இருட்டு. ஊருக்கு வெளியே, சுற்றிலும் ஈ காக்கை இல்லாத இடத்தில் அந்தத் துணை மின்நிலையம் இருந்தது. ஒரே ஒரு அறை. அதன் ஜன்னலுக்கு வெளியே கம்பி வேலி போட்ட சரளைக்கல் திடல். டிரான்ஸ்பார்மர்கள் நிற்கும் அந்தத் திடலுக்கு யார்டு என்று பெயர். எப்போதும் தேனீக்கூடு மாதிரி ரீங்காரமிடும் இடம் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றது. லைனில் பழுது பார்ப்பதற்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

வந்தவளைத் தொழிலில் எல்லோரும் கேபிளக்கா என்பார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கடை, பள்ளிக்கூடம், லிப்ட் என்று அவள் கேமரா மாட்டாத இடமில்லை. ஆனால் இன்று பெட்டியில் கொண்டுவந்திருந்தது அவளுக்கே புதுசு. இன்ஃப்ராரெட் கேமரா. இதற்கு வெளிச்சம் தேவையில்லை, சூட்டைப் பார்த்தே படம் பிடிக்கும். சூடானது வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்தது கறுப்பாகத் தெரியும். டிரான்ஸ்பார்மர் எங்கேயாவது கொதித்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்பதால் அதை நெட்வொர்க்கில் இணைத்துத் தலைமைக் கன்ட்ரோல் ரூம் திரைக்குப் படத்தை ஓடவிட வேண்டும். அதுதான் வேலை. அப்புறம் இந்த அறையில் ஆளே தேவைப்படாது. ஒரேயடியாகப் பூட்டிவிடலாம்.

கதவைத் திறந்ததும் பழைய காகித வாசனையோடு வலித் தைல வாசனையும் வந்தது. யாரோ முழங்காலில் தேய்த்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

சுவரோரம் இருந்த பெரிய பேட்டரிகளின் தயவில் ஒரே ஒரு பல்பு எரிந்தது. அறையின் நடுவில் மேஜை. மேஜைமேல் ஒரு ரிஜிஸ்தரும், எண்களே இல்லாத கறுப்பு டெலிபோனும். ரிசீவரை எடுத்தால் நேராகக் கன்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். வேறு எங்கும் அதில் பேச முடியாது. மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மர நாற்காலி. ஒரே ஆள் பல வருஷம் உட்கார்ந்ததில் அதன் பலகை குழிந்து பளபளத்தது.

ஏனோ அதில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. கருவிப் பையை அதன்மேல் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த ஸ்டூலை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ரிசீவரை எடுத்தாள்.

"சார், கேமரா வேலைக்கு வந்திருக்கேன்."

மறுமுனையில் ஒரு பெரியவரின் குரல் வந்தது. "வாம்மா. இந்த லைன்ல மணியடிச்சே எட்டு மாசமாச்சு. தூக்கிவாரிப் போட்டுடுச்சு எனக்கு."

"பேய்னு நெனச்சீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "வேலை எப்பம்மா முடியும்?"

"மழை விட்டா மூணு மணிக்குள்ள முடிச்சிடுவேன்."

"நாலு மணிக்கு நான் லைன சார்ஜ் பண்ணியாகணும். ஊருக்கே காலைலேருந்து கரன்ட் இல்ல. என் வீட்லயும்தான். 'நீங்க எதுக்குத்தான் அங்க உக்காந்திருக்கீங்க'ன்னு என் சம்சாரம் மணிக்கொரு தடவ கேக்கறா. அதக்கூட விடு, ஆஸ்பத்திரில ஜெனரேட்டருக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டீசல் இருக்காம். உன் கேமரால யார்டு காலியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் நான் சுவிட்ச் போடணும்னு ஆர்டர். புது ஆர்டர்."

"நல்ல ஆர்டர்" என்றாள் கேபிளக்கா.

சொல்லாமல் என்ன செய்வாள். அவள் வீட்டுக்காரர் லைன்மேனாக இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன், வேறொரு ஊரில் கம்பத்தில் ஏறியிருந்தபோது, கீழே எவனோ ஒருவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனில் "யாருமில்ல" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தையில் அவர் போனார். அன்றிலிருந்து மாடியில் ஒற்றை அறை வீடு, இரண்டு நாற்காலி, ஒரு ஆள். வேலைக்குக் கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமல் போவாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஒரு குரலாவது வீட்டில் இருக்குமே என்றுதான்.

மழை விடவில்லை. கம்பத்தில் ஏறிக் கேமராவை மாட்டும் பேச்சுக்கே இடமில்லை. சரி, இன்றைக்குப் படம் போனால் போதும், நாளைக்கு வந்து வெளியே மாட்டிக்கொள்ளலாம் என்று அறைக்குள்ளேயே ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தினாள். சாத்திய கண்ணாடி வழியே யார்டைப் பார்க்கும்படித் திருப்பினாள். கடைகளில் நூறு தடவை இப்படிக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்திருக்கிறாள். தெரு பளிச்சென்று தெரியும்.

கேபிளை அளந்து வெட்டி, முனையில் கனெக்டர் வைத்து நசுக்கி, பேட்டரியில் ஓடிய நெட்வொர்க் பெட்டியில் செருகினாள். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. கேமராவுக்கு ஒரு எண் கொடுத்தாள். அந்த எண் ஏற்கெனவே வேறொன்றுக்கு இருக்கிறது என்று மடிக்கணினி முரண்டு பிடித்தது. வேறு எண் கொடுத்ததும் வழிக்கு வந்தது. படம் ஓட ஆரம்பித்தது.

ஆனால் மந்தமான படம். கையை அசைத்தால் ஐந்து வினாடி கழித்துத்தான் திரைக்கு வரும் போலிருந்தது. நெட்வொர்க் அப்படி. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டூலில் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள்.

"சார், வருதா?"

"வருதும்மா. மங்கலாத்தான் இருக்கு. நடுவுல ஒரு சின்ன வெள்ளப் புள்ளி தெரியுது. அம்மா, லைன்மேனுங்க எல்லாம் போயாச்சு இல்ல?"

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. யார்டுக்குள் போகிறவன் தன் பெயர் எழுதிய தகர வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போவான், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். பலகை வெறுமையாக இருந்தது.

"எல்லாரும் போயாச்சு சார். ஒரு வில்லையும் இல்ல."

"அப்ப யார்டுல ரெண்டு பேர் உக்காந்திருக்காங்களே, அது யாரு?"

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள்.

சாம்பல் நிறத் திரை. அதில் இரண்டு மனித உருவங்கள். ஒன்று நல்ல வெள்ளை. மற்றொன்று அணையப்போகிற கரிபோல் மங்கல். இரண்டும் பக்கம் பக்கமாக, அசையாமல் உட்கார்ந்திருந்தன.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழை. இரும்பு. சரளைக்கல்.

ஆள் யாரும் இல்லை.

"டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால மழைக்கு ஒதுங்கியிருப்பாங்களோ?" என்றார் அவர். "மணி மூணரை ஆச்சும்மா. மேல இருக்கறவர் என் தலைமேல நிக்கிறார். யாருமில்லைன்னு நீ சொல்லிட்டா..."

"பாக்காம சொல்ல மாட்டேன் சார்."

"நான் உன்னை..."

"ஆஸ்பத்திரி இருட்டுல கெடந்தாலும் சொல்ல மாட்டேன். போய்ப் பாத்துட்டு வரேன். லைன்லயே இருங்க."

மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சரளைக்கல் காலடியில் நறநறத்தது. டிரான்ஸ்பார்மர்களைச் சுற்றி வந்தாள், குனிந்து பார்த்தாள், "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று முறை கூப்பிட்டாள். இரும்பில் மழை விழும் சத்தம்தான் பதில். வேலியோரம் போய்க் கடைசிக் கம்பம்வரை பார்த்தாள்.

நனையாத இடம் ஒன்றுகூட அந்த யார்டில் இல்லை. யாரும் உட்கார்ந்திருந்த சுவடும் இல்லை.

திரும்பி வந்து, நின்றபடியே ரிசீவரை எடுத்தாள்.

"எல்லா இடமும் பாத்துட்டேன் சார். ஒருத்தரும் இல்ல."

"நீ எங்கம்மா பாத்த?" அவர் குரல் இறங்கியிருந்தது. "யார்டுல உன்ன நான் பாக்கவே இல்லையே. நீ போறேன்னு சொன்னதும் அந்த வெள்ளையா இருந்த ஆளு எழுந்து போயிட்டாரு. இன்னொருத்தர் அப்படியே உக்காந்திருந்தாரு. இப்பத்தான் மொத ஆளு திரும்பி வந்தாரு. வந்து நிக்கிறாரு. காதுல கைய வெச்சுக்கிட்டு."

கேபிளக்காவின் கை காதில்தான் இருந்தது. ரிசீவரோடு.

அவள் மெல்ல இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

"அவரும் கையத் தூக்கறாரும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிம்மதிச் சிரிப்பு. "சார், அது நான்தான். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இது சூட்டப் பாக்கற கேமரா. கண்ணாடி வெளிச்சத்த விடும், சூட்ட விடாது. நான் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சுட்டேன். அதுக்கு யார்டே தெரியல. கண்ணாடில விழற இந்த ரூமத்தான் இவ்வளவு நேரமும் நாம பாத்துட்டிருக்கோம். நடுவுல அந்த வெள்ளப் புள்ளி கேமராவேதான். உக்காந்திருந்தது ஸ்டூல்ல நான்."

"சரிம்மா" என்றார் அவர். "அப்ப உன் பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?"

பல்பு லேசாக ஒருமுறை மங்கிச் சரியானது.

அவள் கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பினாள்.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஆனால் அதன்மேல் அவள் வைத்த கருவிப் பை இல்லை. பை தரையில் இருந்தது. விழுந்து சிதறிக் கிடக்கவில்லை. வாரை மடித்து, சுவரோரம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

கையை நீட்டி, அந்தக் குழிந்த பலகையைத் தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

தைல வாசனை இப்போது மிக அருகில் வந்தது.

"யார் சார் இங்க இருந்தது?" கிசுகிசுப்பாகத்தான் கேட்க முடிந்தது.

"உங்ககிட்ட சொல்லலையா அவங்க" என்றார் அவர். நீ என்று பேசியவர் நீங்களுக்கு மாறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "பதினெட்டு வருஷம் அங்க ஆபரேட்டரா இருந்தாரும்மா. ஒண்டிக்கட்டை. மணிக்கொரு தடவ எனக்கு மீட்டர் ரீடிங் சொல்லுவாரு. சொல்லி முடிச்சதும் 'அப்புறம்?'னு கேப்பாரு. தெனமும். மணிக்கொரு தடவ. பேச்சுக்கு ஏங்கிக் கெடந்த மனுஷன். 'அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல'ன்னு நான் வெச்சுடுவேன். எனக்கு இன்னும் பத்து ஸ்டேஷன் இருக்கே. எட்டு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் பத்து மணி ரீடிங் சொன்னாரு. 'அப்புறம்?'னு கேட்டாரு. வெச்சுட்டேன். பதினோரு மணிக்கு லைன் எங்கேஜ்டு. பன்னண்டுக்கும் எங்கேஜ்டு. போன் ரிப்பேர்னு நெனச்சேன். சாயங்காலம் ஆள் போய்ப் பாத்தப்ப அந்த நாற்காலில உக்காந்தபடியே போயிருக்காரு. ரிசீவர் காதோட ஒட்டியிருந்துச்சாம். அதுக்கப்புறம் அங்க டூட்டி பாக்க ஒருத்தனும் வரல. அதான் கேமரா. பதினெட்டு வருஷத்துல அவர் மொகத்த நான் பாத்ததே இல்லம்மா. இன்னிக்குத்தான் பாக்கறேன். இதுலயும் மொகம் தெரியல."

அவள் திரையைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரையில் அவள் உருவம் ரிசீவரோடு நின்றது. மங்கலான உருவம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. மெதுவாக, முழங்கால் வலிக்காரர்கள் எழுவதுபோல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. அவள் பக்கத்தில் வந்து, ரிசீவர் இருந்த காதுக்கு அருகே தலையைச் சாய்த்தது. பேச்சைக் கேட்கிறவர் போல.

இதெல்லாம் ஐந்து வினாடிக்கு முன்னால் நடந்தது.

இப்போது என்ன நடக்கிறது என்பது இன்னும் ஐந்து வினாடி கழித்துத்தான் தெரியும்.

"அம்மா" என்று கெஞ்சினார் அவர். "மணி நாலாகப் போகுது. உங்களால யார்டக் காட்ட முடியுமா? முடியலன்னா ஓடிடுங்க. நான் தப்பு சொல்ல மாட்டேன்."

ஓடியிருக்கலாம். கால் அதற்குத்தான் துடித்தது. ஆனால் ஓடினால் அவர் யார்டைப் பார்க்காமல் சுவிட்சைத் தொட வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரி இருட்டாக வேண்டும். பார்க்காமல் போட்ட சுவிட்ச் என்ன செய்யும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

ஜன்னலைத் திறந்தால் கண்ணாடி விலகிவிடும், கேமரா யார்டைப் பார்க்கும். ஜன்னலுக்குப் போகிற வழி நாற்காலியை ஒட்டித்தான் இருந்தது.

ஜன்னலைத் திறந்துவிட்டால் இந்த அறையைக் காட்ட வேறு கண் கிடையாது. அது இன்னும் மோசம்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல், பஸ்ஸில் சொல்வதுபோலச் சொன்னாள்.

இடுக்கில் நுழையும்போது அவள் இடது தோளில் மட்டும் சூடு பட்டது, வெயில் படுவதுபோல. வெளியே வெயில் இல்லை.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கி ஜன்னலைத் தள்ளினாள். மழை முகத்தில் அடித்தது. ஐந்து எண்ணினாள். திரையில் யார்டு விரிந்தது. கறுத்துக் குளிர்ந்த இரும்பு, ஈரக் கல், வேலி. மூலை முடுக்கெல்லாம் கேமராவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"யார்டுல யாரும் இல்ல சார். என் கண்ணாலயும் பாத்துட்டேன், கேமராலயும் பாத்துட்டேன். போடுங்க."

"போடறேன்மா."

தொலைவில் எங்கேயோ டம்மென்று ஒரு சத்தம். யார்டு மூச்சை இழுத்துவிட்டு ரீங்காரமிட ஆரம்பித்தது. அறை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தது.

நாலரைக்கு முன்பே ஹாரன் கேட்டது. அவசர அவசரமாக மடிக்கணினியை மூடினாள், பையை எடுத்தாள். சாரல் அடித்து ரிஜிஸ்தர் நனைகிறதே என்று கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்தியது. கதவருகில் வந்தவள் ஏனோ நின்றாள். நாளைக்குக் கேமராவை மாட்டிவிட்டால் இனி இங்கே ஆளே வரப்போவதில்லை. போன் மணியும் கிடையாது. ரிஜிஸ்தர் திறந்திருந்த பக்கத்தில் பார்வை பட்டது. மணி மணியாக ரீடிங். ஒவ்வொரு நாளும் பத்து மணி, பதினோரு மணி, பன்னிரண்டு மணி. எல்லாம் ஒரே கையெழுத்து.

தன் வீட்டு ரேடியோ நினைவுக்கு வந்தது.

"பாவம். நீங்க தனியா இங்க என்னதான் பண்ணுவீங்க" என்றாள்.

வாய் சும்மா இருக்கக்கூடாதா. சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. தெருவெல்லாம் விளக்கு. மாடிப்படி ஏறும்போதே ரேடியோ சத்தம் கேட்டது. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கன்ட்ரோல் ரூம்காரர். வேன் டிரைவரிடம் நம்பர் வாங்கினாராம். ரேடியோவைக் குறைத்தாள்.

"ஜன்னலச் சாத்திட்டீங்களாம்மா? மறுபடி ரூம்தான் தெரியுது."

"பழக்க தோஷம் சார். நாளைக்குக் காலைல வந்து கம்பத்துல மாட்டிடறேன்."

"பரவால்ல. ஆஸ்பத்திரிலேருந்து பேசினாங்க. எல்லாம் சரியா இருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். நாற்காலி காலியா இருக்கும்மா. அவரு இல்ல."

"அப்பாடா" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். "போயிட்டாரா?"

"போயிட்டாரு." அவர் குரல் அப்பாடா என்று இல்லை. "நீங்க ஜன்னலச் சாத்தினதுலேருந்து பாத்துட்டேதான் இருக்கேன். நீங்க கதவுகிட்ட நின்னு என்னமோ சொன்னீங்க. என்ன சொன்னீங்களோ தெரியல. அவரு எழுந்தாரு. நீங்க வெளிய போனீங்க. பின்னாலயே அவரும் வந்துட்டாரு."

ரேடியோவில் யாரோ எதற்கோ மெல்லச் சிரித்தார்கள்.

"அம்மா? இருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாருமில்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை அவள். தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்காரரின் நாற்காலியில் அவர் போன நாளிலிருந்து யாரும் உட்கார்ந்ததில்லை. மடித்த துணிகளைத்தான் அதில் அடுக்கி வைப்பாள். காலையிலும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

துணிகள் தரையில் இருந்தன. கலையாமல், அடுக்கு குலையாமல், சுவரோரம் ஒழுங்காக.

"நான் வெச்சுடறேன்மா. இங்க பத்து ஸ்டேஷன் லைன்ல காத்துட்டிருக்கு" என்று மறுமுனை துண்டித்துக்கொண்டது.

ஓசையற்றுப் போன கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு கேபிளக்கா உட்கார்ந்திருந்தாள். ஈரத் துண்டின் வாடையை மீறித் தைல வாசனை மெல்லப் பரவியது.

"அப்புறம்?" என்றது ஒரு குரல், ஆசையாக.

அது போனிலிருந்து வரவில்லை.